தொட்டுக்கொள்ள

சொன்னால் சிரிப்பீர்கள் அக்கா. பேதி போகிறவர்களைத் தேடிப் போய், போன வாரம் என்ன சாப்பிட்டாய், அதற்கு முந்தின வாரம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டு எழுதுவதுதான் என் வேலை. பாருங்கள், சிரிக்கிறீர்கள். பரவாயில்லை, என் அம்மாவும் இப்படித்தான் சிரித்தாள். இதற்கா மூன்று வருஷம் கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறினாய் என்றாள். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். நுண்ணுயிரியல். ஊரில் யாராவது கேட்டால் அம்மா, "கலெக்டர் ஆபீஸ் பக்கத்துல வேலை" என்று சொல்லிவிடுவாள். பக்கத்தில்தான். பொய் இல்லை.

இந்த பஸ்ஸில் நான் ஆனைமடுவில் இறங்க வேண்டும். அங்கே மாதம்மா என்று ஒரு அம்மா இருக்கிறாள். வெள்ளரிக்காய் விற்கிறவள். விற்றவள் என்று சொல்ல வேண்டும் இப்போது. செல்போன் கம்பெனியின் லேடீஸ் ஹாஸ்டல் வாசலில் பன்னிரண்டு வருஷமாகக் கூடை வைத்திருந்தாள். ஆடி மாதம் அந்த இடம் போய்விட்டது. அதை அவளுக்குத் திரும்ப வாங்கிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று லீவு போட்டுவிட்டுப் போகிறேன். என் சொந்தம் எல்லாம் இல்லை. யாரால் போனது என்றா கேட்கிறீர்கள்? வரிசையாகச் சொல்கிறேன். நீங்களே சொல்லுங்கள் யாரால் என்று.

ஆனி கடைசியில் ஹாஸ்டலிலிருந்து தகவல் வந்தது. முந்நூறு பெண்கள் இருக்கிற ஹாஸ்டல். நம் பக்கத்துப் பெண்கள் இருநூறு பேர், ஒடிசாப் பெண்கள் நூறு பேர். அதில் நாற்பத்தேழு பேருக்கு வயிற்றுப்போக்கு. வழக்கமான வயிற்றுப்போக்கு என்றால் இரண்டு நாள், மூன்று நாள். உப்புச் சர்க்கரைத் தண்ணீர் குடித்தால் நின்றுவிடும். இது நிற்கவில்லை. மாத்திரை போட்டால் இரண்டு நாள் நிற்கும், மூன்றாம் நாள் மறுபடி. பத்து நாள், பதினைந்து நாள். சோறு பார்த்தாலே பிடிக்கவில்லை. சங்கவி என்று ஒரு பெண், செங்கம் பக்கம், டிப்ளமோ படித்தவள், எட்டுக் கிலோ இறங்கிவிட்டாள். "மேடம், ஐடி கார்டு கூட கழுத்துல கனமா இருக்கு" என்றாள். கம்பெனி என்ன செய்தது தெரியுமா? பதினைந்து நாளுக்கு மேல் லீவு எடுத்தால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று மெசேஜ் அனுப்பியது. அதனால் பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு லைனில் நின்றார்கள்.

எங்கள் லேபில் ஜெசிந்தா அக்கா இருக்கிறார். அவர்தான் கண்டுபிடித்தார். சும்மா பார்த்தால் தெரியாது, தனியாகச் சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நீலத்துக்கு நடுவில் சிவப்புச் சிவப்பாக, கேழ்வரகை எண்ணிப் போட்ட மாதிரி. "ஒட்டுண்ணி வளர்மதி. பாக்டீரியா இல்லை, அதான் வழக்கமா குடுக்கிற மாத்திரைக்கு மசியலை. இதுக்குத் தனி மாத்திரை இருக்கு, டாக்டர்கிட்ட சொல்றேன். இன்னொண்ணு கேட்டுக்கோ. இது கைக்குக் கை ஒட்டாது. கழிவு கலந்த தண்ணியில, மண்ணுல ஒரு வாரம் பத்து நாள் கிடந்தாதான் பழுக்கும். பழுத்தாதான் பிடிக்கும். கொதிச்சா செத்துப்போயிடும். அப்போ வேகாத ஏதோ ஒண்ணுல வந்திருக்கு. அது என்னன்னு கண்டுபிடிக்கிறது உன் வேலை, என் வேலை முடிஞ்சுது" என்றார்.

கேள்வித்தாள் மேலிடத்திலிருந்து ஆங்கிலத்தில் வந்தது. எங்கள் டாக்டர் அதை என்னிடம் கொடுத்து, "புள்ளைங்களுக்குப் புரியற மாதிரி நல்ல தமிழ்ல போட்டுடு" என்றார். என்னிடம்தான் கொடுத்தார். ஆபீஸில் எனக்கு முன்னால் வந்தவர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து எழுதினேன். ஏழாவது கேள்விதான் முக்கியமான கேள்வி. மூன்று தடவை அடித்து எழுதினேன். "கடந்த பதினான்கு நாட்களில் சமைக்காத உணவு எதையாவது பச்சையாகச் சாப்பிட்டீர்களா?" எப்படி இருக்கிறது? குழப்பம் இருக்கிறதா? ஒரு பிழை இருக்கிறதா? டாக்டரே படித்துவிட்டு, "தமிழ் நல்லா வருதே உனக்கு" என்றார்.

நாற்பத்தேழு பேரிடமும் நானே கேட்டேன். மற்றவர்கள் மாதிரி ஒருத்தியைக் கேட்டுவிட்டுப் பத்துப் பேருக்கு நிரப்புகிற ஆள் இல்லை நான். அவர்கள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதினேன். நான் அப்படித்தான். ஒரு தப்பு வந்தால், இந்தப் பட்டிக்காட்டுப் பெண்ணை யார் வேலைக்கு எடுத்தது என்று கேட்பார்கள். என் ஒப்பந்தம் பதினோரு மாதம். அதற்குள் தப்பை மறைத்த ஒரு சொட்டு வெள்ளை மை கூட என் ஃபாரத்தில் இருக்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன்.

ஏழாவது கேள்விக்கு எல்லாரும் முதலில் இல்லை என்றார்கள். "பச்சையா எதுவும் தின்ன மாட்டோம் மேடம்." நான் விடவில்லை. யோசித்துச் சொல்லுங்கள், யோசித்துச் சொல்லுங்கள் என்றேன். அப்போதுதான் ஒருத்தி, "வெள்ளரிக்காய் சேருமா மேடம்? கேட்ல அந்தம்மாகிட்ட" என்றாள். சேரும் என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியிடமும் நானே வெள்ளரிக்காய் என்று எடுத்துக் கொடுத்தேன். முப்பத்தொன்பது பேர் ஆமாம் என்றார்கள். நாற்பத்தேழில் முப்பத்தொன்பது. உங்களுக்கு என்ன தோன்றும்? எனக்கும் அதுதான் தோன்றியது.

மெஸ்ஸையும் விடவில்லை. சின்னராஜ் மாஸ்டரிடம் போய், இங்கே சமைக்காமல் எதையாவது பரிமாறுகிறீர்களா என்று கேட்டேன். "சமைக்காம எதுவும் இந்தக் கிச்சனை விட்டு வெளிய போவாது மேடம்" என்றார். எழுதிக்கொண்டேன்.

பிறகு மாதம்மாவிடம் போனேன். சின்ன உருவம். கூடைக்குப் பின்னால் உட்கார்ந்தால் தலை மட்டும்தான் தெரியும். என் ஆபீஸ் அட்டையைக் காட்டி, எங்கே வாங்குகிறாய், எந்தத் தண்ணீரில் கழுவுகிறாய் என்று கேட்டேன். அவள் கேட்டதற்கெல்லாம் சொன்னாள். சொல்லிவிட்டு, "ஏம்மா, இந்தப் புள்ளைங்களுக்கு என் காயாலயா ஆச்சுன்ற? தோலைச் சீவிட்டுத்தானே குடுக்குறேன். என் மருவ மாசமா இருக்கா. தெனம் ரெண்டு தின்னாத்தான் அவளுக்கு வாய்க் கசப்பு போவுது. நானும் தின்றேன். எங்களுக்கு ஒண்ணும் ஆவலயே" என்றாள். அப்படியே ஒரு காயை எடுத்துச் சீவி, நாலாகக் கீறி, மிளகாய்ப்பொடி தொட்டு என் முன்னாலேயே தின்றாள். எனக்கும் ஒரு துண்டு நீட்டினாள். டியூட்டியில் சாப்பிடக் கூடாது என்றேன்.

எழுதியிருக்கலாமே என்கிறீர்களா? எங்கே எழுதுவது? ஃபாரத்தில் "குறிப்பு" என்ற கட்டம் நோயாளிகளுக்கு மட்டும்தான் அக்கா. விற்பவர்களுக்கான பக்கத்தில் கட்டமே கிடையாது. நான் கட்டம் போடவில்லை, ஆங்கிலத்தில் இல்லை அதனால்.

ரிப்போர்ட்டில் நான் எழுதியதை அப்படியே சொல்கிறேன். "ஐயத்திற்குரிய உணவு: வாயிலில் விற்கப்படும் வெள்ளரிக்காய்." ஐயத்திற்குரிய. கவனியுங்கள். வெள்ளரிக்காய்தான் என்று நான் எழுதவே இல்லை. ஆனால் ஹாஸ்டல் மேனேஜர் பிரசன்னா என்று ஒருவன் இருக்கிறான். என்னைவிட இரண்டு வயதுதான் பெரியவன், கழுத்தில் இரண்டு ஐடி கார்டு தொங்கும். அவன் என்ன செய்தான், கேட்டில் நோட்டீஸ் ஒட்டினான். "வெள்ளரிக்காயால் நோய் பரவுகிறது. வாயிலில் விற்பவரிடம் வாங்காதீர்." ஐயம் எங்கே போனது? அந்த ஒரு வார்த்தையைத் தூக்கிவிட்டான். என் ஒரு வார்த்தையைத் தூக்கிவிட்டு என் ஆபீஸ் பெயரைக் கீழே போட்டிருந்தான்.

அன்றைக்கே நகராட்சி வண்டி வந்தது. நான் அங்கே இல்லை, சங்கவிதான் சொன்னாள். கூடையைக் கவிழ்த்ததில் காயெல்லாம் ரோட்டில் உருண்டதாம். செக்யூரிட்டி அந்தக் காய் மேலே ப்ளீச்சிங் பவுடர் கொட்டினானாம். மாதம்மா கத்தியை மட்டும் முந்தானையில் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு நடந்துவிட்டாளாம். உள்ளூர்ப் பேப்பரில் கூடையின் படம் வேறு வந்தது. பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்தாள், அங்கேயும் விரட்டினார்கள். இப்போது ரோஜாத் தோட்டத்தில் களை பிடுங்குகிறாள். முள்ளில் கை வைக்கிற வேலை. எனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தது தெரியுமா? ஒரு வார்த்தை அக்கா. ஒரு வார்த்தையை ஒழுங்காகப் பார்த்து எழுதத் தெரியாதவனெல்லாம் மேனேஜர்.

அவள் போன பிறகு என்ன ஆனது? நோய் நின்றதா? மூன்றாவது வாரம் புதிதாகப் பதினொரு பேர். கேட்டில் காயே இல்லை, கூடையே இல்லை, பதினொரு பேர். நான் மாதம்மாவிடம் வாங்கிப்போன காயிலும் ஒன்றும் கிடைக்கவில்லை என்று ஜெசிந்தா அக்கா சொன்னார். டாக்டரிடம் ஓடினேன். "கிடைக்கலைன்னா இல்லைன்னு அர்த்தமா? அந்தக் காய் இல்லாட்டி வேற காய்" என்றார்.

பெரியாஸ்பத்திரியில் சங்கவியைச் சேர்த்திருந்தார்கள். பார்க்கப் போனேன். அவள் அம்மா ஊரிலிருந்து வந்து டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். இட்லி, ஓரத்தில் பச்சையாக மல்லிச் சட்னி. சங்கவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அதை மூடும்மா, அந்த வாசனையே வேணாம். ஹாஸ்டல்ல செவ்வாய், வெள்ளி, ஞாயிறு இதேதான்."

எனக்குத் தலையில் யாரோ தட்டியது மாதிரி இருந்தது. "அது வதக்கி அரைச்சதா, பச்சையா அரைச்சதா?"

"பச்சையாத்தான் அரைப்பாங்க மேடம், அப்பதானே அந்தக் கலர் வரும்."

"பச்சையா எதுவும் சாப்பிடலைன்னு சொன்னியே என்கிட்ட?"

சங்கவி என்னைப் பார்த்து முழித்தாள். "சட்னியை யார் மேடம் சாப்பிடுவா? இட்லி சாப்பிட்டேன். சட்னி தொட்டுக்கிட்டேன்."

அவள் அம்மா வேறு குறுக்கே வந்தாள். "அது பச்சை இல்ல கண்ணு. அதான் தாளிச்சுக் கொட்டிடுறோமே."

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள். நாற்பத்தேழு பெண்கள். பாதிப் பேர் டிப்ளமோ, இரண்டு பேர் டிகிரி. ஒருத்திக்காவது தோன்ற வேண்டாமா? தொட்டுக்கொண்டால் வயிற்றுக்குள் போகாதா? மேலே ஒரு கரண்டி எண்ணெயில் கடுகு வெடித்தால் உள்ளே இருப்பதெல்லாம் வெந்துவிடுமா? யோசித்துச் சொல்லுங்கள், யோசித்துச் சொல்லுங்கள் என்று எத்தனை தடவை கேட்டேன். சங்கவியிடம் அப்போதே கோபித்துக்கொண்டேன். நீ அன்றைக்கே ஒழுங்காகச் சொல்லியிருந்தால் அந்த அம்மா தெருவுக்கு வந்திருக்க மாட்டாள் என்றேன். கையில் டிரிப்ஸ் ஊசியோடு அவள் அழுதாள். அழட்டும் என்று வந்துவிட்டேன்.

நேராக மெஸ். மாஸ்டரிடம், மல்லிச் சட்னி எப்படி வைப்பீர்கள் என்றேன். மனுஷன் முகம் மலர்ந்துவிட்டது.

"வதக்கவே கூடாது மேடம். வதக்கினா கலர் செத்துடும். மல்லி, புதினா, பச்சமொளகா, பொட்டுக்கல்ல, அப்படியே போட்டு ஓட்டிட்டுக் கடைசியா கடுகு தாளிச்சு ஒரு கொட்டு. இந்தச் சட்னிக்காக ஷிப்ட் மாத்திக்கிற புள்ளைங்க இருக்கு இங்க."

"சமைக்காம எதுவும் வெளிய போகாதுன்னு சொன்னீங்களே மாஸ்டர்?"

"சட்னியை யாராவது சமைப்பாங்களா? அரைப்பாங்க. உங்க வீட்ல எப்படி? 'சட்னி சமைச்சிட்டேன், வா'ன்னா கூப்புடுவாங்க உங்கம்மா? நீங்க சமைக்காதது என்னன்னு கேட்டீங்க. நான் சாலட்டுன்னு நினைச்சேன். இங்க சாலட் கிடையாது. சட்னி எப்படி அரைக்கிறன்னு கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

கொழுப்பைப் பாருங்கள். என் தமிழைத் திருத்துகிறார். கழுவுகிற இடத்தைக் காட்டச் சொன்னேன். ஒரு நீல டிரம். கட்டு கட்டாக, வேரோடு, கட்டின நாரைக்கூட அவிழ்க்காமல் உள்ளே விட்டு ஒரு முக்கு, வெளியே எடுத்து ஒரு உதறல். அவ்வளவுதான் கழுவுவது. அடியில் தண்ணீர் டிகாக்‌ஷன் மாதிரி இருந்தது. மல்லி எங்கிருந்து வருகிறது என்றால், ஏரிக்கரைத் தோட்டம். ஊர்ச் சாக்கடை எங்கே போகிறது என்றால், அந்த ஏரி. ஜெசிந்தா அக்காவிடம் அந்த மல்லியின் வேர் மண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாம் நாள் கூப்பிட்டார். அதே சிவப்பு. அதே கேழ்வரகு.

திரும்பப் போய் எல்லாரிடமும் கேட்டேன். இந்தத் தடவை ஏழாவது கேள்வியே கேட்கவில்லை. "இட்லி தோசைக்கு என்ன தொட்டுக்கிட்டே?" அவ்வளவுதான். நாற்பத்தேழில் நாற்பத்து நான்கு பேர் பச்சைச் சட்னி, மீதி மூன்று பேருக்கு ஞாபகம் இல்லை. புதிதாக வந்த பதினொரு பேரும் பச்சைச் சட்னி. சாம்பார் மட்டும் ஊற்றிக்கொள்கிறவர்களில் ஒருத்திக்குக்கூட இல்லை. ஒடிசாப் பெண்கள் இருக்கிறார்களே, அந்த நூறு பேருக்கும் சட்னி காரம் என்று தொடுவதே இல்லையாம். ஆனால் வெள்ளரிக்காய் தினமும். மாதம்மாவின் பாதிக் கூடை அவர்களுக்குத்தான் போகுமாம். நூறு பேரில் ஒருத்திக்கும் வயிறு கெடவில்லை.

அவர்களை முதலிலேயே கேட்டிருந்தால்? கேட்டிருக்கலாம். ஃபாரம் தமிழில் அக்கா. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. அவர்களுக்கு நோயும் இல்லை. நோய் இல்லாதவர்களை ஏன் கேட்க வேண்டும் என்று... சரி, கேட்டிருக்க வேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, நோய் வராதவர்களையும் கேட்க வேண்டும் என்று. பரீட்சையில் எழுதி மார்க் கூட வாங்கியிருக்கிறேன். ஆனால் என்னிடம் மொழிபெயர்க்க ஒரு ஆள் கொடுத்தார்களா? கொடுக்கவில்லை. அது யார் தப்பு?

எல்லாவற்றையும் சுத்தமாக எழுதி டாக்டரிடம் கொண்டுபோனேன். படித்தார். உண்மையிலேயே கவனமாகப் படித்தார். "வெரிகுட். மல்லிச் சட்னியை நிறுத்தச் சொல்லிடுறேன். டிரம்மையும் தூக்கச் சொல்றேன்" என்றார். அன்று மாலையே நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு புதிதாக ஒருவரும் இல்லை. அந்தத் தனி மாத்திரை தாமதமாக வந்தாலும் சங்கவியும் தேறிவிட்டாள். வேலைதான் போய்விட்டது, அது வேறு.

"சார், வெள்ளரிக்காயை எடுத்துடலாம் இல்லையா?" என்றேன்.

"எதுலேருந்து?"

"முதல் ரிப்போர்ட்லேருந்து."

"அது மேல போயாச்சும்மா. போனதை எடுக்க முடியாது. சேர்க்கலாம். 'வெள்ளரிக்காய், கமா, மல்லிச் சட்னி.' "

"வெள்ளரிக்காய் இல்ல சார் அது."

"நீதானே எழுதினே?"

"ஐயத்திற்குரியன்னுதான் சார் எழுதினேன்."

"அதையே இப்பவும் எழுது. ரெண்டு மேலயும் ஐயம். யாருக்கு என்ன நஷ்டம்?"

யாருக்கு என்ன நஷ்டமாம். அந்தக் கமாவுக்கு இந்தப் பக்கம் ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கிறாள் அக்கா. கேட்டில் அந்த நோட்டீஸ் இன்னும் இருக்கிறது. கிழிக்கச் சொன்னால், உங்க ரிப்போர்ட்டில் இன்னும் வெள்ளரிக்காய் இருக்கே என்கிறான் பிரசன்னா. வெயிலில் வெளுத்துவிட்டது, ஆனால் வெள்ளரிக்காய் என்ற எழுத்து மட்டும் நன்றாகத் தெரிகிறது.

போன மாதம் சந்தையில் மாதம்மாவைப் பார்த்தேன். ஓடிப்போய்ச் சொன்னேன், அம்மா, உன் காய் இல்லை, நிரூபித்துவிட்டேன் என்று. சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் என்னை யாரென்று அடையாளம் கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது. பிறகு, "அதான் அன்னிக்கே சொன்னனே" என்றாள். அவ்வளவுதான். கருவாட்டை மோந்து பார்த்துக்கொண்டு போய்விட்டாள். அன்னிக்கே சொன்னனே என்கிறாள். எத்தனையோ பேர் எத்தனையோ சொல்கிறார்கள். ஆதாரம் வேண்டாமா? நான் இரண்டு மாதம் மண்ணைச் சுமந்து, மாஸ்டரிடம் பேச்சு வாங்கி, டாக்டரிடம் நின்று கண்டுபிடித்ததை, தனக்கு முதலிலேயே தெரியும் என்கிற மாதிரி சொல்கிறாள். வருத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அவளுக்காகத்தானே போகிறேன்.

டாக்டரிடம் மறுபடி நின்றேன். நான்கு தடவை. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். பாதிக்கப்பட்டவர் மனு கொடுத்தால் மறுஆய்வு என்று ஒன்று உண்டு. மறுஆய்வில் வெள்ளரிக்காயை நீக்கலாம். நீக்கினால் நோட்டீஸைக் கிழிக்கச் சொல்லி லெட்டர் போடலாம். லெட்டர் போனால் இடம் கிடைக்கும். "ஆனா ஒண்ணு. நம்ம விசாரணை தப்புன்னு மனுவுல வந்துச்சுன்னா அது என் மேஜையைத் தாண்டாது. பார்த்து எழுது. உனக்கும் கார்த்திகையில ரினிவல் இருக்கு" என்றார்.

ரினிவலுக்காக இல்லை அக்கா. சத்தியமாக இல்லை. மனு நகர வேண்டும், அதற்காகத்தான். நானே எழுதினேன். இதோ இந்தக் கவரில் இருக்கிறது. கசங்கக் கூடாது என்று அட்டை வைத்திருக்கிறேன். படிக்கிறேன், எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.

"அனுப்புநர், மா. மாதம்மாள், ஆனைமடுவு. ஐயா, வணக்கம். நான் கடந்த பன்னிரண்டு ஆண்டுகளாக மேற்படி விடுதி வாயிலில் வெள்ளரிக்காய் விற்று வாழ்ந்து வந்தேன். ஆடி மாதம் நடைபெற்ற விசாரணையின்போது, எழுத்தறிவின்மை காரணமாக, கேட்கப்பட்ட விவரங்களை நான் முழுமையாகத் தெரிவிக்கத் தவறிவிட்டேன். தற்போது கிடைத்துள்ள ஆய்வு முடிவுகளின் அடிப்படையில் என் பொருளின் மீதான ஐயத்தை நீக்கி, அதே இடத்தில் மீண்டும் விற்க அனுமதி அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

ஒரு பிழை இல்லை, பாருங்கள்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? சொன்னாள்தான். சொன்னாள் என்று நான்தானே உங்களிடம் சொன்னேன். மருமகள் மாசமாக இருப்பது, தோல் சீவுவது, எல்லாம் சொன்னாள். ஆனால் அது ஃபாரத்தில் இல்லையே அக்கா. ஃபாரத்தில் இல்லாதது ஆபீஸுக்குச் சொன்னதாக ஆகாது. "முழுமையாக" என்றுதான் போட்டிருக்கிறேன், சொல்லவே இல்லை என்று போடவில்லை. வேறு எப்படி எழுதுவது? கேட்டவளுக்குக் கேட்கத் தெரியவில்லை என்றா எழுத முடியும்? எழுதினால் அந்த மேஜையிலேயே கிடக்கும். அவளுக்கு இடம் கிடைக்காது. அவளுக்கு இடம் வேண்டுமா, வேண்டாமா? ஒரு வரியில் என்ன குறைந்துவிடப் போகிறாள்? அவளை யாருக்குத் தெரியும்?

இதோ, ஆனைமடுவு வளைவு வந்துவிட்டது. காலைக் கொஞ்சம் ஒதுக்குங்கள்.

படித்துக் காட்டுவேன் அக்கா. படித்துக் காட்டாமல் கைநாட்டு வாங்குகிற ஆள் இல்லை நான். எங்கள் அப்பாவிடம் செங்கல் சூளையில் அப்படி வாங்கியவர்களை எனக்குத் தெரியும், அவர்களை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன். அந்த ஒரு வரியை மட்டும் கொஞ்சம் வேகமாகப் படித்துவிடுவேன்.